கூரை ஓட்டைப் பிரித்த மின்னஞ்சல்: நம் மன்றத்து நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் தம்பிக்கும், நிர்வாகக் குழுவில் உள்ள மற்ற ஒன்பது பேருக்கும்,

வணக்கம். இதை உங்களுக்கு மெயிலில் அனுப்பலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். அனுப்பிவிட்டு, நாளை சாயங்காலம் ஆறு மணிக்குள் பதில் வராவிட்டால் நீங்கள் பதினோரு பேரும் நான் சொன்னதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம். கேரளத்தில், கோழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழர்கள் நடத்தும் நம் மன்றத்தில் இப்போது அதுதானே வழக்கம். ஆனால் எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வைகாசிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பால் வாங்கிக்கொண்டு மன்றத்துப் பக்கமாக வந்தேன். படிப்பகத்துக் கூரை மேல் இரண்டு பேர். ஒருவர் ஓட்டைக் கழற்றிக் கொடுக்க, இன்னொருவர் வாங்கி ஏணியில் நின்றவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நம் தோட்டத்து ஐயா கையில் குடையோடு நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். 78 வயது. நிர்வாகக் குழுவில் 22 வருடமாக இருக்கிறார். மேஸ்திரியிடம், "ஏனுங்க, யார் சொல்லி ஓடு பிரிக்கறீங்க?" என்று கேட்டார். மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "நீங்கதானுங்க சொல்லியிருக்கீங்க. உங்க பேரும் இதுல இருக்குதே" என்றார்.

இருந்தது. பதினோரு பேர் பேரும் அந்தக் காகிதத்தில் இருந்தது.

நடந்ததை நான் அப்புறம் ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு உறுப்பினர்கள் தங்கள் போனையே என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 10.52க்கு ஒரு மெயில். தலைப்பு "ரீ: ரீ: ஆண்டு விழா". ஆண்டு விழா பற்றிய பழைய மெயிலுக்குப் பதில் போடுகிற மாதிரி புது விஷயத்தை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். உள்ளே ஆங்கிலத்தில் நாலு வரி: படிப்பகம் ஒழுகுகிறது, ஓட்டை எடுத்துவிட்டு இரும்புத் தகடு போடலாம், எஸ்டிமேட் இணைத்திருக்கிறோம், திங்கள் மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்லவும், பதில் வராவிட்டால் சம்மதமாகக் கொள்ளப்படும். எஸ்டிமேட் என்பது படுக்கை வசத்தில் எடுத்த ஒரு போட்டோ. போனைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்பிக்கொள்கிறது, படிக்க முடியவில்லை. தொகை 1,85,000 ரூபாய்.

திங்கள் மதியம் இரண்டாவது மெயில். "சாரி, ஆணி, பட்டை, கூலி விட்டுப்போய்விட்டது" என்று புது எஸ்டிமேட். 2,30,000.

இதற்கு நடுவில் வந்த "ஓகே"க்களை எண்ணிப் பார்த்தேன். ஞாயிறு ராத்திரியும் திங்கள் காலையுமாக நாலு. மதியத்துக்கு மேல் இரண்டு. ஆக, முதல் தொகைக்கு நாலு பேர், இரண்டாவது தொகைக்கு இரண்டு பேர். பதினோரு பேரில் பெரும்பான்மை என்றால் ஆறு. இரண்டில் எந்தத் தொகைக்கும் ஆறு இல்லை! மீதி ஐந்து பேர் வாயே திறக்கவில்லை. அந்த ஐந்து மௌனத்தையும் சேர்த்துத்தான் "ஏகமனதாக" என்று மேஸ்திரி கையில் காகிதம் கொடுத்திருக்கிறீர்கள்.

அந்த ஐந்து பேரில் தோட்டத்து ஐயா ஒருவர். அவருக்கு மெயில் முகவரி இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. கேஸ் கனெக்‌ஷனுக்காகப் பேரன் உண்டாக்கிக் கொடுத்தது. பேரன் கோயம்புத்தூரில் படிக்கிறான், பாஸ்வேர்டும் அவனோடுதான் கோயம்புத்தூரில் இருக்கிறது. இன்னொருவர் துபாயில் இருக்கிறார். வேலை முடிந்து வந்து மெயிலைத் திறந்தபோது அவருக்கு மணி ஐந்தரை, நமக்கு ஏழு. வாய்தா முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. "சரி, முடிஞ்சு போச்சு" என்று மூடிவிட்டார். மூன்றாமவர் படித்தார், யோசித்துச் சொல்லலாம் என்று இருந்துவிட்டார். ராத்திரி வந்த மெயிலுக்கு மறுநாள் சாயங்காலத்துக்குள் யோசித்து முடிக்காதது குற்றமா? மற்ற இருவருடைய கதை வேண்டாம், அவர்களிடம் எனக்கே கொஞ்சம் கோபம் இருக்கிறது.

தோட்டத்து ஐயாவிடம் தகடு போடலாமா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அன்று வாசலில் நின்றபோதே சொன்னார்: "வடபுறம் திறந்து கிடக்குது. கணவாய்க் காத்துக்கு இங்க தகடு நிக்காதுங்க." கோழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்து வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்று எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். கஞ்சிக்கோட்டில் கொண்டுபோய்க் காற்றாலை நட்டது சும்மாவா? ஆடி பிறந்து பத்தாம் நாள் வடபக்கத்துத் தகடு இரண்டு எழும்பிக்கொண்டது. மழை பெய்தால் உள்ளே ட்யூஷன் எடுக்கிற டீச்சர் சொல்வது முன் பெஞ்சுப் பிள்ளைக்கே கேட்பதில்லை. இதெல்லாம் ஒரு யோகத்தில் உட்கார்ந்து பேசியிருந்தால் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்திருக்கும். (கூட்டத்தை யோகம் என்று எழுதுகிறேன் என்று தமிழ்நாட்டு நண்பர்கள் சிரிக்க வேண்டாம். இங்கே எழுபது வருடமாக நமக்கு யோகம்தான்.) விஷயம் தெரிந்தவரிடம் மெயில் இல்லை. மெயில் வைத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் காற்று மறந்துவிட்டது, பெங்களூரில் ஏ.சி. அறையில் இருக்கிறார்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், என் மகனும் அங்கேதான் இருக்கிறான்.

மெயிலே கூடாது என்று சொல்ல வரவில்லை. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது குழுவில் பாதிப் பேர் பொள்ளாச்சியிலும் கோயம்புத்தூரிலும் மாட்டிக்கொண்டார்கள். எல்லைச் சாவடிகளில், வாளையாறில் பாஸ் கேட்டார்கள், வேலந்தாவளத்தில் திருப்பி அனுப்பினார்கள். ஆறு கிலோமீட்டர் தூரம் ஆறாயிரம் கிலோமீட்டர் ஆன காலம் அது. பிள்ளைகளுக்கு அரிசியும் நோட்டும் வாங்க அன்றைக்கு முடிவு எடுத்தது மெயிலில்தான். அப்போதைய செயலாளர் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, "பார்த்தீங்களா, பதில் போடுங்க" என்று கெஞ்சுவார். அது நல்ல மெயில். பிரச்சினை, ரோடு திறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, அந்தப் போன் மட்டும் போய்விட்டது.

நான் 34 வருடம் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவன். அதனால் எனக்கு ஒரு வியாதி உண்டு: "அனுப்பிவிட்டேன்" என்று யார் சொன்னாலும், "கிடைத்ததா?" என்று கேட்பேன். அந்தக் காலத்தில் பதிவுத் தபாலோடு ஏ.டி. கார்டு என்று ஒரு ஒப்புகை அட்டை போகும். வாங்கியவர் கையெழுத்தோடு அது திரும்பி வந்தால்தான் அனுப்பியவருக்குத் தூக்கம் வரும். கோர்ட்டில் கேஸ் நடத்துகிறவர்கள் அந்தக் கார்டைத் தாலி மாதிரி பத்திரமாக வைத்திருப்பார்கள். பெட்டியில் போட்டதற்கும் கையில் சேர்ந்ததற்கும் நடுவே எத்தனை மேடு பள்ளம் என்பது தபால்காரனுக்குத்தான் தெரியும். மெயில் வந்ததும் அந்த வித்தியாசமே ஒழிந்துவிட்டதாக நினைக்கிறோம். ஒழியவில்லை. ஸ்பாம் பெட்டியில் போய் விழுகிறது, பழைய முகவரிக்குப் போகிறது, பேரன் போனில் போய்ச் சிணுங்குகிறது.

சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 12ஆம் பிரிவு சொல்வது அப்படியே ஏ.டி. கார்டுதான்: பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வந்தால்தான் இது கட்டுப்படுத்தும் என்று அனுப்புகிறவர் நிபந்தனை வைத்திருந்து, ஒப்புகை வரவில்லை என்றால், அந்த மின்பதிவு அனுப்பப்படவே இல்லை என்று ஆகிவிடும். 13ஆம் பிரிவு இன்னும் நுணுக்கம். பெறுகிறவர் இன்ன முகவரிக்கு அனுப்புங்கள் என்று குறித்துக் கொடுத்திருந்தால், அங்கே போய்ச் சேர்கிற நேரமே கிடைத்த நேரம். அதை விட்டு அவருடைய வேறொரு முகவரிக்கு அனுப்பினால், அவர் அதை எடுத்துப் பார்க்கிற நேரம்தான் கணக்கு. நம் குழுவில் ஒவ்வொருவரும் "மன்றத்து விஷயத்துக்கு இந்த முகவரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் ஒன்றாவது இருக்கிறதா? இல்லை. வாட்ஸப் குழுவில் எவரோ திரட்டிப் போட்ட பட்டியலை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

நம் விதிமுறைப் புத்தகத்தில் மெயில் பற்றி ஒரு வரியும் இல்லை. இருக்கவும் முடியாது. டைப் அடித்த காலம் அப்படி. நம்முடையது 1955ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சி இலக்கிய, அறிவியல், தர்ம சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வருகிறது, ஏனென்றால் நாம் இருக்கிற சித்தூர் தாலூகா பழைய கொச்சி ராஜ்யம். கொஞ்சம் மேற்கே நகர்ந்து பாலக்காட்டுக்குப் போனால் அது மலபார், அங்கே 1860ஆம் ஆண்டுச் சட்டம். ஒரே மாவட்டத்தில் இரண்டு சட்டம்! 1860ஐயும் 1955ஐயும் எழுதியவர்களிடம் மெயிலுக்கு விதி எதிர்பார்க்க முடியுமா? விதி இல்லாத இடத்தில் செயலாளரின் சௌகரியம் விதியாகிவிடுகிறது. தம்பி, உங்களைக் குத்திக்காட்டவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன், என்ன, ஞாயிறு ராத்திரி 10.52க்குத் தூங்கிப் போயிருப்பேன்.

ஆனால் கம்பெனிகளுக்கு விதி இருக்கிறது. நாம் கம்பெனி இல்லை, அது நம்மைக் கட்டாது. இருந்தாலும் லட்சம் கோடி புரளுகிற இடத்தில் என்ன ஜாக்கிரதை வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில் தப்பில்லை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 175ஆம் பிரிவு, கூட்டம் போடாமல் தீர்மானத்தைச் சுற்றுக்கு விட்டு நிறைவேற்றலாம் என்கிறது. மெயிலிலும் அனுப்பலாம் என்று 2014ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. ஆனால் தீர்மானத்தின் வாசகமும் அதற்கு வேண்டிய காகிதங்களும் சேர்ந்து எல்லா இயக்குநர்களுக்கும் போக வேண்டும். ஓட்டுரிமை உள்ள இயக்குநர்களில் பெரும்பான்மை சம்மதிக்க வேண்டும். இதைக் கவனியுங்கள், பதில் போட்டவர்களில் பெரும்பான்மை என்று அங்கே எழுதவில்லை. மொத்த இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் "இதைக் கூட்டத்தில் வைத்துப் பேசுவோம்" என்று கேட்டால், தலைவர் அதைக் கூட்டத்துக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். நிறைவேறினாலும் அடுத்த கூட்டத்தில் அதைக் குறிப்பிட்டு மினிட்ஸில் ஏற்ற வேண்டும்.

கம்பெனிச் செயலர்கள் நிறுவனம் போட்டிருக்கிற செயலகத் தரநிலை என்று ஒன்று உண்டு. 2015இல் நடைமுறைக்கு வந்தது, 2017இல் திருத்தினார்கள். அதைப் படித்தபோதுதான் எனக்கு ஐயோ என்று இருந்தது. பதில் சொல்லாத இயக்குநரை அது எப்படி வைத்துக்கொள்கிறது தெரியுமா? ஓட்டுப் போடாமல் விலகியவர் என்று. கடைசித் தேதிக்குள் பெரும்பான்மைச் சம்மதம் வந்து சேராவிட்டால் தீர்மானம் நிறைவேறவில்லை என்று. நம் மெயிலின் கடைசி வரிக்கு நேர் எதிர்!

இன்னும் ஒன்று, இதை வாசித்துவிட்டு ஒரு கட்டஞ்சாயா போட்டுக் குடித்துவிட்டு மறுபடியும் வாசித்தேன். பெரும்பான்மை கிடைத்த அன்றே தீர்மானம் நிறைவேறியதாகக் கொள்ளலாமா? கொள்ளலாம், ஆனால் அன்றைக்கு இன்னும் பதில் சொல்லாதவர்களையும் கூட்டம் கேட்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கை எட்டக் கூடாது. எட்டினால் கடைசித் தேதி வரை காத்திருக்க வேண்டும். அதாவது ஆறு பேர் ஓகே சொன்னவுடன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது, மீதி ஐந்து பேர் இன்னும் மெயிலைத் திறக்காமல் இருக்கலாம், திறந்தால் கூட்டம் கேட்கலாம். வாய் திறக்காதவருக்கும் ஒரு இடம் ஒதுக்கி வைத்து எழுதிய விதி அது. பதில் சொல்ல ஏழு நாளுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. நாம் ஏழு நாள் கொடுக்கவில்லை. ஏழு வேளை கூடக் கொடுக்கவில்லை.

அமெரிக்காவில் இதைவிடக் கெடுபிடி. பல பெரிய கம்பெனிகள் பதிவாகியிருக்கிற டெலவேர் மாநிலத்தின் சட்டம், கூட்டம் இல்லாமல் மெயிலிலோ எழுத்திலோ முடிவெடுக்க வேண்டுமானால் குழுவில் எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்கிறது. ஒருவர் மாட்டேன் என்றால் போதும், உட்கார்ந்து பேச வேண்டியதுதான். அதன் நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது: எல்லோருக்கும் சம்மதம் என்றால் பேச ஒன்றும் இல்லை, ஒருவருக்குச் சம்மதமில்லை என்றால் அவர் பேசுவதை மற்றவர்கள் கேட்டாக வேண்டும். ஆனால் நம் குழுவுக்கு அது ஒத்துவராது. பதினோரு பேரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் ஆண்டு விழாவுக்குப் பாலடைப் பிரதமன் என்பது மட்டுமே. நம் நாட்டு மூன்றில் ஒரு பங்கு விதியே போதும். பதினோரு பேரில் நாலு பேர் கேட்டால் யோகம் கூட்டுங்கள்.

நான் கேட்பது இதுதான். அடுத்த பொதுயோகத்தில் நம் விதிமுறைகளில் மெயிலுக்கு என்று ஒரு பத்தி சேர்ப்போம். அதுவரை மெயிலில் புது முடிவு எதுவும் வேண்டாம்.

அந்தப் பத்தியில் முதலில், எதை மெயிலில் முடிவு செய்யவே கூடாது என்று எழுத வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் 179ஆம் பிரிவில் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது: கடன் வாங்குவது, பணத்தை முதலீடு செய்வது, கணக்கு அறிக்கையை ஒப்புக்கொள்வது இதெல்லாம் கூட்டத்தில் உட்கார்ந்துதான். நம் அளவுக்கு, நிலமும் கட்டடமும், 25,000 ரூபாய்க்கு மேல் போகிற செலவு, ஆளை வேலைக்கு எடுப்பதும் நீக்குவதும், வருடாந்தரக் கணக்கு, உறுப்பினர் மேல் நடவடிக்கை இவையெல்லாம் மெயிலுக்கு ஆகாது. தொகையைக் கூட்டலாம் குறைக்கலாம், அது உங்கள் இஷ்டம். நூலகத்துக்குப் பத்திரிகைச் சந்தா, மைக் செட் வாடகை, விழாத் தேதி மாற்றம் மாதிரி அவசரச் சில்லறைக்கு மெயில் தாராளமாகப் போதும்.

அப்புறம் மெயிலின் வடிவம். ஒரு மெயிலில் ஒரு தீர்மானம், அதற்கு ஒரு எண், தலைப்பிலேயே "முடிவுக்கு" என்ற வார்த்தை. பழைய மெயிலின் வாலைப் பிடித்துக்கொண்டு புது விஷயம் வரக் கூடாது. அனுப்பிய பிறகு தொகையில் ஒரு ரூபாய் மாறினாலும் அது வேறு தீர்மானம். பழைய ஓகேக்கள் எல்லாம் செத்துப்போக வேண்டும், எண்ணிக்கை மறுபடியும் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். பதில் வெறும் "ஓகே" ஆக இருக்கக் கூடாது. "தீர்மானம் 7க்குச் சம்மதம்", "சம்மதமில்லை", "யோகம் வேண்டும்" இந்த மூன்றில் ஒன்று. வாட்ஸப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவது ஓட்டில் சேராது. அந்த விரல் "பார்த்தேன்" என்கிறதா, "சரி" என்கிறதா, "குட்மார்னிங்" என்கிறதா என்று அதைப் போட்டவருக்கே பல நேரம் தெரிவதில்லை.

பதில் எல்லோருக்கும் போக வேண்டும். செயலாளருக்கு மட்டும் தனியாக வருகிற பதில் கூடாது. நான் இணைச் செயலாளராக இருந்த காலத்திலேயே இதில் ஒரு தகராறு வந்தது: "ஏழு பேர் சரி என்றார்கள்" என்றார் ஒருவர், கேட்டால் எல்லாம் போனில் சொன்னது. உத்திரமேரூர்க் கல்வெட்டை நாம் மேடையில் சொல்லிப் பெருமைப்படுகிறோம். குடவோலை என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறோம். அந்தப் பத்தாம் நூற்றாண்டுச் சபை ஓலையை எடுத்த பிறகு என்ன செய்தது என்று யாரும் சொல்வதில்லை. ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், விரலிடுக்கில் ஒன்றும் ஒளிந்திருக்கக் கூடாதே. அவர் வாசித்த பிறகு அங்கிருந்த மற்றவர்களும் அதையே வாசிக்க வேண்டும். விரித்த கை என்றால் இந்தக் காலத்தில் "ரிப்ளை ஆல்".

இதில் சொந்த லாபம் உள்ளவர் விலகி நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். கூரை காண்ட்ராக்ட் எடுத்தவர் யாருக்கு மச்சான் என்பது ஊருக்குத் தெரியும். தப்பாக ஒன்றும் நடக்கவில்லை என்றே நான் நம்புகிறேன், வேலையும் மோசமில்லை. யோகத்தில் என்றால், "இது என் மச்சான், நான் இதில் பேசவில்லை" என்று அவரே எழுந்து சொல்லியிருப்பார், நல்ல மனிதர். மெயிலில் அதற்கு இடமே இல்லாமல் அவருடைய ஓகேயும் ஆறில் ஒன்றாகிவிட்டது. அதைக் கழித்தால் ஐந்து.

மெயில் இல்லாதவரை என்ன செய்வது? அவருக்குக் காகிதத்தில் கொண்டுபோய்க் கொடுத்து, கையெழுத்து வாங்குங்கள். நம் ஊர் அவ்வளவு பெரியதா என்ன? மன்றத்திலிருந்து தோட்டத்து ஐயா வீட்டுக்கு நடந்தால் பதினைந்து நிமிடம். போகிற வழியில் ஒரு இளநீரும் கிடைக்கும். ஆள் போக முடியாவிட்டால் போனில் கூப்பிட்டு நாலு பேரும் ஒன்றாகக் கேட்கும்படி பேசுங்கள். ஒருவர் பேசுவதை மற்றவர் காதால் கேட்கிறார் என்றால் அது பாதி யோகம் ஆகிவிடுகிறது. மெயிலில் பதினோரு பேரும் பதினோரு அறையில் தனித்தனியாக ஓட்டுப் போடுகிறோம், ஒருவர் சொல்வதைக் கேட்டு இன்னொருவர் மனசு மாற வழியே இல்லை.

மொழி விஷயம். இதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின்படி, இந்த மாநிலத்துத் தமிழ்ச் சிறுபான்மையினர் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் ஆபீஸ்களுக்கும் அப்படியே. இந்த உரிமையை விடக் கூடாது என்று வருடா வருடம் மேடை போட்டுப் பேசுகிறது நம் மன்றம். அந்த மன்றத்தின் செயலாளர் அதன் உறுப்பினர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் அனுப்புகிறார்! போனில் தமிழ் அடிக்கக் கஷ்டம் என்று தம்பி சொன்னார். அந்த போனிலேயே பேசினால் தமிழில் எழுத்தாகிறது, என் பேத்தி காட்டிக்கொடுத்தாள். தீர்மானம் தமிழில் இருக்கட்டும். பதிவு ஆபீஸுக்கு வேண்டுமானால் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாகப் பதிவேடு. இப்போது எல்லா மெயிலும் தம்பியின் சொந்தக் கணக்கில் இருக்கிறது. நாளைக்கு அவர் வேறு வேலைக்குப் போனால், போன் தொலைந்தால், மன்றத்தின் ஆறு வருட நினைவும் அதோடு போய்விடும். மன்றத்துக்கு என்று ஒரு கணக்கு, அதன் சாவி தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேரிடமும். ஒவ்வொரு மெயில் தீர்மானத்தையும் அதற்கு வந்த பதில்களோடு அச்சு எடுத்து, பக்க எண் போட்ட மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்டி, அடுத்த யோகத்தில் உரக்க வாசித்து, தலைவர் கையெழுத்து.

கூரைத் தீர்மானத்தையும் அப்படியே ஒட்டுங்கள். முதல் தொகைக்கு நாலு, இரண்டாவதுக்கு இரண்டு, பதில் வராதது ஐந்து என்று உள்ளது உள்ளபடி. "ஏகமனதாக" என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள். யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை, தகடு போட்டாயிற்று.

பிரித்த ஓடுகள் பின்பக்கம் புளியமரத்தடியில் அடுக்கியபடி கிடக்கின்றன. போன வாரம் போய்ப் பார்த்தேன். பழைய மங்களூர் ஓடு, முக்கால்வாசி உடையவில்லை. ஒன்றை எடுத்து விரலால் தட்டினால் வெண்கலம் மாதிரி சத்தம் வருகிறது. அதை விற்பதா, வடபக்கத்துக்குத் திரும்ப ஏற்றுவதா, சமையல் கொட்டகைக்குப் போடுவதா என்று மன்றத்தில் ஆளுக்கொரு பேச்சு. இரண்டு பேர் இதற்குள் விலை விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தயவு செய்து இதை மெயிலில் கேட்டுவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமாகப் பார்த்து யோகம் கூட்டுங்கள். துபாய்க்காரரை வீடியோவில் கூப்பிடலாம், தோட்டத்து ஐயாவைக் கூட்டிவர நான் போகிறேன். பொது உறுப்பினர்களும் வரலாம் என்றால் எனக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். தபாலில்.

இப்படிக்கு,
அன்புள்ள,
மன்றத்தின் பழைய இணைச் செயலாளர்,
ஓய்வுபெற்ற தபால்காரன்